அத்தியாயம் 7: கடைமடை ஏன் காய்கிறது?

சீவலப்பேரியில் ஒரு கணக்கு

பொருநை என்கிற தாமிரபரணியும் சிற்றாறும் கூடுகிற ஊர் சீவலப்பேரி. கயத்தாற்றுப் பக்கத்துத் தண்ணீரும் வந்து சேர்வதால் இதற்கு முக்கூடல் என்று பழைய பெயர். முக்கூடற்பள்ளு பிறந்த இடம் இதுதான் என்பார்கள். மேற்கே பாபநாசம் சாலையில் இருக்கும் முக்கூடல் வேறு ஊர். நெல் வகை, மாட்டு வகை, மீன் வகை என்று அந்தப் பள்ளு அடுக்கிக்கொண்டே போகும். அத்தனையும் வயலில் இறங்கி வேலை செய்தவர்களின் தலைக்குள் இருந்த அறிவு. எழுத்துப் படிக்காதவர்கள் வைத்திருந்த அறிவு.

ஊருக்கு வெளியே சாலையோரத்தில் ஒரு குட்டியானை வண்டியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வியாபாரி வாய்க்கணக்குப் போட்டார். பதினெட்டுத் தார், தார் 240 ரூபாய், பத்துக்கு ஒன்று கமிஷன், வண்டிக்கூலி 150. என் கை சட்டைப்பையிலிருந்த போனுக்குப் போவதற்குள், தார் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த பையன் சொல்லிவிட்டான்: "மூவாயிரத்து எழுநூத்தி முப்பத்தெட்டு." சரியான விடை. அவன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் மாமாவுக்கு ஒத்தாசைக்கு வந்திருக்கிறான்.

"கணக்குல புலியா நீ?" என்று கேட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. "எனக்குத்தான் கணக்கு வராதுல்லா அண்ணாச்சி" என்றான். "போர்டு முன்னால நின்னா எல்லாம் மறந்துரும்."

இந்தப் பையனை உங்களுக்கும் தெரியும். உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். நீங்களாகவே கூட இருக்கலாம். புத்தி இருக்கிறது, ஆனால் தனக்குப் புத்தி இல்லை என்று நம்புகிறான். அந்த நம்பிக்கை வெறும் மனக்குறையாக நின்றுவிடாமல், தேவையான நேரத்தில் புத்தியையும் பறித்துக்கொண்டு போகிறது. எப்படி?

வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். ஒன்று, 'சந்தைக் கணக்கு வேறு, பள்ளிக் கணக்கு வேறு' என்பது. அவன் போட்டதில் பெருக்கல், சதவீதம், இரண்டு கழித்தல் இருந்தன. அது பள்ளிக் கணக்குதான். இன்னொன்று, 'பயந்தாங்கொள்ளி, தைரியம் சொன்னால் சரியாகிவிடும்' என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

மனசுக்குள் ஓடும் வாய்க்கால்

அந்தக் கணக்கை நீங்கள் ஒருமுறை மனசிலேயே போட்டுப் பாருங்கள். 240ஐப் பதினெட்டால் பெருக்க வேண்டும். இருபதால் பெருக்கினால் 4800. அதில் இரண்டு தாரின் 480ஐக் கழித்தால் 4320. இதை மறக்காமல் ஓரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பத்தில் ஒரு பங்கு 432. அதையும் வைத்துக்கொண்டு, முதலில் வைத்ததை எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 3888. இனி பழைய இரண்டு எண்ணையும் விட்டுவிடலாம். ஆனால் 150 என்ற வண்டிக்கூலியை இத்தனை நேரமும் எங்கோ பிடித்து வைத்திருந்தீர்கள். அதைக் கழித்தால் 3738.

இப்படிக் கையில் இருக்கும் வேலைக்குத் தேவையானதை மட்டும் சில நொடி தாங்கிப் பிடிக்கும் இடத்தைச் 'செயல்நினைவு' என்று அழைப்போம். வாழ்நாள் நினைவுகள் சேமித்த களஞ்சியம் வேறு. இது வேலை நடக்கும் திண்ணை. திண்ணை மிகச் சிறியது. ஒரே நேரத்தில் ஏழு பொருள் வரை தாங்கும் என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் கிடைத்த சான்றுகளையெல்லாம் அலசி, நாலுக்குப் பக்கம்தான் என்று சொன்னார். எவ்வளவு பெரிய மேதைக்கும் இந்தத் திண்ணை மைதானமாக விரிவதில்லை.

இப்போது அதே பையனைக் கரும்பலகை முன் நிறுத்துங்கள். 4320ஐப் பிடித்து வைத்திருக்கிறான். முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர். 'தப்பாய்ப் போனால் சிரிப்பாங்க' என்று ஒரு நினைப்பு வருகிறது. 'போன தடவையும் இப்படித்தான் ஆச்சு' என்று இன்னொன்று. 'சார் சொன்னது சரிதானோ, நமக்கு மண்டையில ஒண்ணுமில்லையோ' என்று மூன்றாவது. இவையெல்லாம் வந்து உட்காருவதும் அதே திண்ணையில்தான். வேறு இடம் கிடையாது. 432 கீழே விழுந்துவிடுகிறது.

தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கச் சிரமப்பட வேண்டியதில்லை. சீவலப்பேரிக்குக் கீழே மருதூர் அணைக்கட்டு இருக்கிறது. அங்கிருந்து மேலக்கால், கீழக்கால் என்று இரண்டு கால்வாய்கள் பிரிகின்றன. கால்வாயில் வருகிற தண்ணீருக்கு ஓர் அளவு உண்டு. வழியில் யாரோ ஒரு மடையைத் திறந்துவிட்டால் கடைமடை வயல் காயும். அந்த வயலைப் பார்த்து 'மண் சரியில்லை' என்று எந்தச் சம்சாரியும் சொல்ல மாட்டான். கரையோரமாக மேலே நடந்துபோய், எங்கே மடை திறந்திருக்கிறது என்றுதான் பார்ப்பான். பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நாம் அந்த நடையை நடப்பதில்லை. மண்ணைக் குறை சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

இதில் எல்லோரையும் விடக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத்தான் அதிக நஷ்டம். 2005இல் சயன் பெய்லாக், தாமஸ் கார் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்குக் கணக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நெருக்கடி இல்லாதபோது, செயல்நினைவு அதிகம் உள்ளவர்கள் முன்னால் நின்றார்கள். பணமும் பிறர் கண்ணும் சேர்ந்த நெருக்கடியை உண்டாக்கியதும் அவர்கள் சரிந்தார்கள். செயல்நினைவு குறைந்தவர்களிடம் பெரிய மாற்றமில்லை. காரணம் எளிது. திண்ணை அகலமாக இருப்பவர் அதை முழுக்கப் பயன்படுத்தும் வழியில் கணக்குப் போட்டுப் பழகியிருப்பார். திண்ணையில் அந்நியர் வந்து உட்கார்ந்ததும் அவர் வழி அடைபடுகிறது. ஏற்கெனவே சுருக்குவழியில் போகிறவருக்கு இழக்க அதிகமில்லை.

ஆகவே, புத்தியும் தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணமும் ஒரே பிள்ளையிடம் இருப்பதில் முரண் ஏதும் இல்லை. புத்தி அதிகம் உள்ள இடத்தில் அந்த எண்ணம் வாங்கும் வரியும் அதிகம்.

பெயர் வாசித்தபின் நடந்தது

மடையைத் திறப்பது யார்? பிள்ளையின் சுபாவமா, சுற்றி இருப்பவர்களா? இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான விடை உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் கிடைத்தது. உலக வங்கியில் பணியாற்றிய கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பெண் ஆய்வாளர்கள் நடத்திய சோதனை அது. 2006இல் அமெரிக்கப் பொருளியல் இதழொன்றில் வெளிவந்தது. இந்தியாவின் ஒவ்வொரு பள்ளி ஆசிரியரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்கள், சுமார் 600 பேர். பாதிப்பேர் மேல்சாதிக் குடும்பங்கள், பாதிப்பேர் தீண்டாமைக்கு உட்பட்டிருந்த ஒரு சாதி. ஆறு ஆறு பேராகக் குழு பிரித்தார்கள். ஒரு குழுவில் இருந்தவர்கள் வெவ்வேறு ஊர்க்காரர்கள். ஒருவரை ஒருவர் தெரியாது.

கொடுத்த வேலை, சிறுவர் பத்திரிகைகளில் வருகிற வழி கண்டுபிடிக்கும் புதிர். 'முயலைக் கேரட்டிடம் கொண்டுபோய்ச் சேருங்கள்' என்று போட்டிருப்பார்களே, அந்த வகை. இதைத் தேர்ந்தெடுத்ததில் யோசனை இருக்கிறது. இதற்குப் படிப்பு வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம், டியூஷன் வேண்டாம். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு முன்கூட்டிய அனுகூலம் அதிகமில்லை. பதினைந்து நிமிடம், பதினைந்து புதிர். முடித்த ஒவ்வொரு புதிருக்கும் ஒரு ரூபாய். பிறகு இன்னொரு சுற்று.

முதல் வகைக் குழுக்களில் யாரிடமும் எந்த விவரமும் கேட்கவில்லை. உட்கார வைத்தார்கள், விளக்கினார்கள், தொடங்கச் சொன்னார்கள். மேல்சாதிச் சிறுவர்களும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களும் முடித்த புதிர்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை.

இரண்டாவது வகைக் குழுக்களில் ஒரே ஒரு மாற்றம். ஆரம்பிக்கும் முன், ஒவ்வொரு சிறுவனின் பெயரையும் ஊரையும் தகப்பன் பெயரையும் பாட்டனார் பெயரையும் சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் வாசித்தார்கள். சரியென்றால் தலையை ஆட்ட வேண்டும். அவ்வளவுதான். யாரும் யாரையும் திட்டவில்லை. தனியாக உட்கார வைக்கவில்லை. 'உன்னால் முடியாது' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதிர் அதே புதிர், காசு அதே காசு.

ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது.

இந்த முடிவை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து நடந்தது நினைவிருக்கிறது. ஒரு நிமிடம் கூட ஆகாத ஒரு வாசிப்பு. பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு தடவை தலையை ஆட்டியிருக்கிறான். அந்தத் தலையாட்டலில் அவனுடைய பாட்டனார் வரைக்கும் உள்ள மூன்று தலைமுறை வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டது.

அந்த இரண்டு வகைக் குழுக்களுக்கும் இடையில் அந்தச் சிறுவர்களின் மூளை மாறவில்லை. பெற்றோர், சத்துணவு, பள்ளி எதுவும் மாறவில்லை. ஆகவே குறைந்தது திறமை என்று சொல்ல வழியே கிடையாது. திறமை வெளியே வருகிற பாதை அடைபட்டது. தம் கூட்டத்தைப் பற்றி ஊர் குத்தி வைத்திருக்கும் முத்திரை நினைவுக்கு வந்ததும் உண்டாகும் இந்தத் தடையை 'முத்திரை அச்சம்' என்று சொல்லலாம். 1995இல் கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் இருவரும் அமெரிக்கக் கறுப்பின மாணவர்களிடம் இதைக் கண்டு எழுதியதிலிருந்து நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வந்துவிட்டன. அவற்றில் சிலவற்றை, முக்கியமாகப் பெண்களையும் கணக்கையும் பற்றியவற்றை, பிற்பாடு பெரிய அளவில் திரும்பச் செய்தபோது விளைவு மிகச் சிறியதாக இருந்தது அல்லது தென்படவே இல்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரு படிவத்தில் 'ஆண்/பெண்' என்று டிக் அடிப்பதும், நாலு பேர் முன் தன் சாதியை வாசிக்கக் கேட்டுத் தலையாட்டுவதும் ஒரே எடை உள்ளவை அல்ல. நம் ஊரில் முத்திரை எவ்வளவு ஆழமாகக் குத்தப்பட்டது என்று நமக்குத் தெரியும்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. சாதிவாரியாகத் தனித்தனிக் குழுவாகப் பிரித்து உட்கார வைத்தபோது, மேல்சாதிச் சிறுவர்கள் முடித்த எண்ணிக்கையும் குறைந்தது. 'நம்ம ஆட்கள்தானே, நிரூபிக்க என்ன இருக்கிறது' என்ற மெத்தனமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். பிரித்து வைத்ததில் ஜெயித்தவர் யாருமில்லை.

கழுத்துப் பட்டையும் கைக்கயிறும்

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்று ஒரு சின்ன ஊர். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், ஜேன் எலியட் என்ற மூன்றாம் வகுப்பு ஆசிரியை தன் வகுப்பை இரண்டாகப் பிரித்தார். கண்ணின் நிறத்தை வைத்து ஒரு சாரார் உயர்ந்தவர்கள், மறு சாரார் தாழ்ந்தவர்கள் என்று அறிவித்தார். அடுத்து அதைத் தலைகீழாக மாற்றினார். பின் வந்த ஆண்டுகளிலும் இதைச் செய்தார். 1970இல் அது ஆவணப்படமாக வந்தது. தாழ்ந்தவர் என்று சொல்லப்பட்ட பிள்ளைகளின் கழுத்தில் துணிப்பட்டை கட்டப்பட்டது.

படத்தில் ஒரு காட்சி. பழுப்புக் கண் பிள்ளைகள் எழுத்தொலி அட்டைக்கட்டு ஒன்றைப் படித்து முடிக்கிறார்கள். பட்டை கட்டியிருந்த நாளில் ஐந்தரை நிமிடம் எடுத்தார்கள். பட்டை கழன்ற மறுநாள் இரண்டரை நிமிடம். நேற்று ஏன் முடியவில்லை என்று ஆசிரியை கேட்கிறார். பிள்ளைகள் பட்டையைச் சொல்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு எந்த உளவியல் புத்தகமும் தெரியாது. திண்ணையில் வந்து உட்கார்ந்தது எது என்பது மட்டும் தெரிந்திருந்தது. இதை முறையான சோதனை என்று சொல்ல முடியாது. இரண்டாம் முறை படிக்கும்போது பழக்கமும் கொஞ்சம் கைகொடுத்திருக்கும். பிள்ளைகளை இப்படி வைத்துப் பார்ப்பது சரியா என்ற கேள்வியும் நியாயமானது.

நம் பக்கத்தில் அந்தப் பட்டையைப் பிள்ளைகளே விலைக்கு வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். திருநெல்வேலி வட்டாரத்தில் சாதிக்கு ஒரு நிறமாகக் கையில் கயிறு கட்டி வருவது பல காலமாக எல்லோரும் அறிந்தது. 2019இல் பள்ளிக் கல்வித் துறை இயக்குநரே அதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டி வந்தது. சிவப்போ பச்சையோ மஞ்சளோ, அந்தக் கயிறு நாள் முழுக்கப் பெயர் வாசித்துக்கொண்டே இருக்கிறது. உத்தரப் பிரதேசத்துச் சிறுவன் ஒரு தடவை தலையாட்டினான். இங்கே ஒரு பையன் காலை மணி அடித்ததிலிருந்து சாயங்காலம் வரை தலையாட்டிக்கொண்டிருக்கிறான்.

கரும்பு வெட்டும் முன்னும் பின்னும்

மடையைத் திறப்பது அவமானம் மட்டும் அல்ல, கவலை எதுவானாலும் போதும். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் செய்தது. கரும்புக்காரருக்கு வருமானம் வெட்டியபின் மொத்தமாக வரும். வெட்டுக்கு முந்தைய மாதங்களில் கடனும் அடகும்தான். ஒரே விவசாயிக்கு வெட்டுக்கு முன்னும் பின்னும் எழுத்தறிவு தேவைப்படாத படப் புதிர்களைக் கொடுத்தார்கள். பத்துப் புதிரில் முன்பு சராசரியாக 4.35 சரி, பின்பு 5.45. அதே ஆள், அதே மண்டை. கையில் காசு வந்திருந்தது.

வறுமையும் முத்திரையும் பெரும்பாலும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அச்சில் ஏறிய முத்திரை

ஒரு கூட்டத்தையே புத்தி மந்தம் என்று எழுதிவைத்த புத்தகம் ஒன்று இந்த மாவட்டத்திலிருந்து வெளிவந்திருக்கிறது. எழுதியவர் ராபர்ட் கால்டுவெல். 1838இல் சென்னை வந்து, 1841இல் இடையன்குடியில் தங்கி, கடைசிவரை இந்த மண்ணில் உழைத்தவர். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைத் தந்து தமிழுக்குப் பெரும் தொண்டு செய்தவர். அவரே 1849இல் திருநெல்வேலி நாடார்களைப் பற்றிச் சிறு நூலொன்று வெளியிட்டார். அந்தச் சமூகத்தார் நாகரிகத்தில் பின்தங்கியவர்கள், சிந்திக்கும் திறன் மழுங்கியவர்கள் என்ற வகையில் அதில் எழுதியிருந்தார். அவர் பார்த்தது பனையேறிப் பிழைத்த ஏழைகளை, அதுவும் பாதிரியார் முன் கைகட்டி நின்றபோது. கரும்பலகை முன் நின்ற பையனைப் பார்த்து எடுத்த முடிவு அது.

அந்த எழுத்துக்கு எதிர்ப்பு உள்ளிருந்தே கிளம்பியது. சட்டாம்பிள்ளை என்று பெயர்பெற்ற அருமைநாயகம் போன்றவர்கள் படித்து, வாதாடி, பதில் எழுதினார்கள். சட்டாம்பிள்ளை ஐரோப்பியத் திருச்சபையை விட்டு விலகித் தனிச் சபையே கண்டார். பல பத்தாண்டுகள் எதிர்ப்பு நீடித்துக் கடைசியில் அந்த நூலைப் புழக்கத்திலிருந்து விலக்க வேண்டி வந்தது.

அதைவிடப் பெரிய பதில் வேறு இடத்தில் நடந்துகொண்டிருந்தது. வியாபார ஊர்களில் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று சேர்த்த மகமைப் பணத்தில் பள்ளிகள் எழும்பின. விருதுநகரில் 1889இல் சத்திரிய வித்யாசாலா வந்தது. 1910இல் நாடார் மகாஜன சங்கம் தொடங்கியது. விருதுநகர்ப் பள்ளியில் கொஞ்ச காலம் படித்து, குடும்பக் கஷ்டத்தால் பாதியில் நின்ற ஒரு பையன் 1954இல் இந்த மாநிலத்தின் முதலமைச்சரானார். அவர் ஆட்சியில் 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு எத்தனை பிள்ளைகளின் பசி மடையை அடைத்தது என்பது ஊரறிந்த கதை.

1849க்கும் 1954க்கும் இடையில் நூற்றைந்து ஆண்டுதான். நூறு ஆண்டில் ஒரு மக்கள் கூட்டத்தின் மூளை பரம்பரையாக மாறிவிடாது. மாறியது பள்ளிக்கூடம், சாப்பாடு, யார் முன்னால் எப்படி நிற்கிறோம் என்பது. கால்டுவெல் எவ்வளவு பெரிய அறிஞர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர் காய்ந்த வயலைப் பார்த்து மண்ணைப் பழித்தார்.

தட்டிக்கொடுத்தால் போதுமா?

பிரச்சினை தன்மதிப்புக் குறைவு என்றால், தன்மதிப்பை ஏற்றிவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். உலகம் இதைச் செய்து பார்த்துவிட்டது. கலிபோர்னியா அரசு 1986இல் தன்மதிப்பை வளர்ப்பதற்கென்றே ஒரு குழு அமைத்தது. 'நான் தனித்துவமானவன்' என்று பிள்ளைகளைச் சொல்லவைத்த வகுப்புகள் பெருகின. 2003இல் ராய் பாமைஸ்டரும் மூன்று சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் எடுத்து அலசினார்கள். தன்மதிப்பை உயர்த்தியதால் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. நன்றாகப் படித்ததால் தன்மதிப்பு ஓரளவு உயர்வது உண்டு. வண்டியை மாட்டுக்கு முன்னால் கட்டியிருந்தார்கள்.

'நீ மூளைக்காரன்டா' என்று தட்டிக்கொடுப்பது இன்னும் ஆபத்து. 1998இல் கிளாடியா மியூலர், கேரல் டுவெக் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுத்து, சிலரிடம் 'நீ புத்திசாலி' என்றும், சிலரிடம் 'நன்றாக உழைத்தாய்' என்றும் பாராட்டினார்கள். அடுத்துக் கடினமான புதிரில் எல்லோரும் தோற்றார்கள். அதன்பின் பழைய மாதிரிப் புதிரே வந்தபோது, புத்திசாலி என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் முதலில் செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள். உழைப்புக்காகப் பாராட்டு வாங்கியவர்கள் முன்னேறினார்கள். புத்திசாலிப் பட்டமும் ஒரு பட்டைதான். அதைக் காப்பாற்ற வேண்டிய பயமும் திண்ணையில் இடம் கேட்கிறது.

மேலே போகப் போக இது தானாகச் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். 1978இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள், முனைவர் பட்டமும் பெரிய பதவியும் பெற்ற பெண்கள் பலர் 'நான் தெரியாமல் உள்ளே வந்துவிட்டேன், ஒருநாள் கண்டுபிடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள்' என்று உள்ளுக்குள் நடுங்கியதை எழுதினார்கள். கிராமத்துப் பள்ளியிலிருந்து பெரிய கல்லூரிக்குப் போன பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். விடுதி அறையில் முதல் வாரம் எப்படிப் போனது என்று அவர்கள் சொல்வதும் இதே கதைதான்.

ஆகவே வேலை பிள்ளையின் மனசுக்குள் மட்டும் இல்லை. கரையோரம் நடந்து மேலே போக வேண்டும்.

உதவித்தொகைப் படிவம்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பிளஸ் டூ மாணவனை, அவன் படித்த பள்ளி மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பல மாதம் சிகிச்சையில் இருந்த அந்த மாணவன் 2024 பொதுத்தேர்வில் 600க்கு 469 வாங்கினான். அந்த மதிப்பெண்ணைக் கொண்டாடியவர்களில் நானும் ஒருவன். அவன் சுமந்த சுமை இல்லாதிருந்தால் எவ்வளவு வாங்கியிருப்பான் என்று அன்றிரவு யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அந்தக் கொடுமையை ஒட்டி, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கைக்கயிறு தடை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம் ஆகியவற்றைப் பற்றி நாளிதழ்கள் நிறைய எழுதின. அதிகம் பேசப்படாத சில பரிந்துரைகள் இந்த அத்தியாயத்துக்கு மிக நெருக்கமானவை. மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது. ஆசிரியர் நேராகவோ ஜாடையாகவோ சாதியைச் சொல்லி அழைக்கக் கூடாது. சாதி அடிப்படையிலான உதவித்தொகை அறிவிப்பை வகுப்பில் வைத்துச் செய்யக் கூடாது.

கடைசிப் பரிந்துரையைப் படித்ததும் புதிர்ப் போட்டிதான் நினைவுக்கு வந்தது. நம்மில் பலர் படித்த வகுப்புகளில் அது நடந்திருக்கிறது. நான் படித்த வகுப்பிலும் நடந்தது. ஒரு காலை வேளை, இரண்டாம் பீரியட், கணக்குப் பாடம் நடந்துகொண்டிருக்கும். அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வரும். ஆசிரியர் நிமிர்ந்து, இன்ன சாதிப் பிள்ளைகளெல்லாம் எழுந்திரிங்க என்பார். ஏழெட்டுப் பேர் எழுந்து நிற்பார்கள். மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கையெழுத்து வாங்கியதும் உட்காரச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கணக்குத் தொடரும். அந்த ஆசிரியர் கெட்டவர் இல்லை. பணம் சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்றுதான் அவசரப்பட்டார். உதவி செய்கிற அந்த ஒரு நிமிடத்தில் உத்தரப் பிரதேசத்துச் சோதனையின் இரண்டாம் பகுதி அப்படியே எங்கள் வகுப்பில் நடந்துவிட்டது. எழுந்து நின்றவர்களில் ஒருவன் எங்கள் எல்லோரையும் விட வேகமாகக் கணக்குப் போடுவான். அன்று அவனைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டபோது சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு சும்மாவே நின்றான்.

சீவலப்பேரிப் பையன் எந்தச் சாதி என்று நான் கேட்கவில்லை. போர்டு முன்னால் எது அவன் நினைவை அழிக்கிறது என்பதும் எனக்குச் சொல்லப்படவில்லை. தமிழாசிரியர் அடித்த ஒரு கேலியாக இருக்கலாம், வீட்டில் அண்ணனோடு ஒப்பிட்ட பேச்சாக இருக்கலாம், கட்டாத கடனாக இருக்கலாம். அவனுடைய ஆசிரியர் இதைப் படிக்கிறாரென்றால் அவரிடம் ஒரு வேண்டுகோள். அவனை ஒருநாள் கரும்பலகைக்குக் கூப்பிடாமல், நோட்டில் போடச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். பதினெட்டு வாழைத்தார்க் கணக்கையே கொடுங்கள்.

உதவித்தொகைப் படிவம் அடுத்த முறை வரும்போது, வகுப்பில் யாரையும் எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள். தலைமையாசிரியர் அறைக்கு ஒவ்வொருவராக அழைத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் ஆகும்.